ஆறு பக்கத் துண்டுகளும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

ஒட்டுப்போர்வை தைப்பதை ஒரு வேலை என்று எங்கள் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பொழுதுபோக்கு என்றும் ஒப்புக்கொள்வதில்லை. வேலையாக இருந்தால் அதில் நாலு காசு வர வேண்டும், பொழுதுபோக்காக இருந்தால் அது தொலைக்காட்சிக்கு முன்னால் நடக்க வேண்டும் என்பது கோயம்புத்தூரில் எங்கள் குடும்பத்தின் நெடுநாள் கொள்கை. நல்ல துணியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, பிறகு அதே துண்டுகளைச் சேர்த்துத் தைத்து மறுபடியும் ஒரு முழுத் துணியாக்கும் காரியத்தை, "வெட்டாமலே விட்டிருந்தா இவ்வளவு சிரமம் இல்லையே?" என்ற ஒரே கேள்வியில் என் கணவர் முடித்துவிடுவார். அத்தையின் வாதம் இன்னும் வலுவானது. "பக்கத்துலயே சென்னிமலையை வச்சுக்கிட்டுப் போர்வையைப் போய் ஆராச்சும் வீட்டுல தைப்பாங்களா கண்ணு?" என்பார். கைத்தறிப் போர்வைக்கென்றே பெயர்பெற்ற ஊர் அது. அங்கே நெய்த போர்வை எங்கள் வீட்டு அலமாரியிலேயே அடுக்கடுக்காக இருக்கிறது என்பதால், இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒட்டுப்போர்வைக்கு மூன்று அடுக்குகள். மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு சாதாரணப் பருத்தித் துணி. மூன்றையும் சேர்த்து ஊடுருவிப் போடும் தையல்தான் இதற்கு உயிர். அந்தத் தையல் போதிய நெருக்கமாக இல்லையென்றால், துவைக்கத் துவைக்கப் பஞ்சு ஒரு மூலைக்குப் போய்த் திரண்டு உட்கார்ந்துகொள்ளும். தையல் இயந்திரம் இருந்தால் எல்லாம் விரைவாக நடக்கும். எங்கள் வீட்டிலும் இயந்திரம் இருக்கிறது. ஆனால் அது கூடத்தில் இருக்கிறது. இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிகள், மின்கட்டண ரசீது, யாருடையதென்றே தெரியாத ஒரு ஹெல்மெட் ஆகியவற்றை அதன்மேலிருந்து இறக்கி வைத்து, பாபினில் நூல் சுற்றி, ஊசியில் நூல் கோத்து, காலை மிதியில் வைக்கும்போது சரியாகக் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் ஹெல்மெட் மறுபடியும் இயந்திரத்தின் மேல் ஏறியிருக்கும்.

இதனால்தான் நான் தாள் வைத்துக் கையால் தைக்கும் முறைக்கு மாறினேன். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாகப் புழங்கிவரும் முறை இது. ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் வருமாறு கெட்டித் தாளில் அறுகோணங்களை வெட்டிக்கொள்ள வேண்டும். சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்டுத் துணியை வெட்டி, அந்த விளிம்பைத் தாளின் மேல் மடித்துத் தற்காலிகமாக ஓர் ஓட்டுத்தையல் போட வேண்டும். பிறகு இரண்டு துண்டுகளை நல்ல பக்கங்கள் உள்ளே இருக்குமாறு சேர்த்துப் பிடித்து, மடிப்பின் ஓரிரு இழைகளை மட்டும் ஊசி தொடும்படி விளிம்போடு விளிம்பாக நெருக்கித் தைக்க வேண்டும். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதற்கு அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கும் அடுத்ததில் பதினெட்டு என்று பூ விரிந்துகொண்டே போகும். ஒரு துண்டின் ஆறு பக்கங்களும் தைக்கப்பட்ட பிறகு அதன் தாளை உருவிவிடலாம். தையல் தாளைத் துளைக்காமல் இருந்தால், உருவிய தாள் அடுத்த துண்டுக்கும் உதவும்.

இந்த முறையின் பெருமை, எல்லாமே ஒரு டிபன் பாக்ஸுக்குள் அடங்கிவிடும் என்பதுதான். அன்றாடம் நமக்கு ஓய்வு கிடைக்கிறதோ இல்லையோ, காத்திருப்பு தாராளமாகக் கிடைக்கிறது. பல் மருத்துவரின் முன்னறை, பள்ளிக்கூட வாசல், வங்கியின் டோக்கன் வரிசை, எப்போதும் தாமதமாகவே தொடங்கும் குடியிருப்போர் சங்கக் கூட்டம் ஆகிய இடங்களிலெல்லாம் நாம் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அதே நேரத்தில் ஊசியைக் கையில் எடுத்தால் மட்டும் ஊரே திரும்பிப் பார்க்கிறது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் முதலில் "என்ன தைக்கிறீங்க?" என்பார், அடுத்து "இதுக்கு எவ்வளவு வாங்குவீங்க?" என்பார், மூன்றாவதாக, "ஒரு நாள்ல முடிச்சுருவீங்களா?" என்பார். 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள ஒற்றைக் கட்டில் போர்வைக்கு இந்த அளவில் ஏறக்குறைய 2,000 அறுகோணங்கள் வேண்டும் என்ற கணக்கைச் சொன்னதும் அவர்களுடைய முகத்தில் தோன்றும் இரக்கம், பல் வலிக்காரர்களுக்குக்கூடக் கிடைக்காதது.

தாள் விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண நோட்டுத் தாள் துணியின் இழுப்புக்குச் சுருண்டுவிடும். அட்டைப்பெட்டி அட்டையோ மடியாது. இரண்டுக்கும் நடுவே, சொல்லிவைத்தாற்போல் சரியான தடிமனில் இந்தத் தமிழ்நாட்டில் வீடு தேடி வந்து, தாம்பூலத்துடன் கையில் கொடுக்கப்படும் ஒரே பொருள் கல்யாணப் பத்திரிகைதான். முகூர்த்தம் முடிந்த பிறகு அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. மூலையில் மஞ்சள் தடவியிருப்பதால் குப்பையில் போட மனம் வராது. உள்ளே பிள்ளையார் படம் இருப்பதால் பழைய பேப்பர்காரரிடமும் போட முடியாது. எங்கள் வீட்டுப் பரணில் இப்படிப் பல ஆண்டுகளின் பத்திரிகைகள் சேர்ந்திருந்தன. பிள்ளையார் இருந்த பகுதிகளை மரியாதையாகத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றை நான் அறுகோணங்களாக்கினேன். துணிக்கும் குறையில்லை. அத்தையின் பழைய சுங்குடிச் சேலைகள், பையனுக்குப் பத்தாமல் போன பள்ளிக்கூடக் கட்டம்போட்ட சட்டைகள், மாமாவின் வெள்ளை வேட்டி ஆகியவை இருந்தன. சுங்குடி சாயம் விடக்கூடியது என்பதால் அதை மட்டும் தனியாக அலசி அலசித் தண்ணீர் தெளிந்த பிறகே வெட்ட வேண்டும். அறுகோணத்தின் நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி உட்காரும்படி சுங்குடியை வெட்டுவதில் எனக்கு ஒரு தனி மோகம் உண்டு. துணி வீணாகும்தான், ஆனால் அந்தத் துண்டைப் பூவின் நடுவில் வைத்துப் பார்த்தவர்கள் என்னை மன்னித்துவிடுவார்கள்.

பகலில் வெளியே காத்திருக்கும் இடங்களில் தைக்கலாம். இரவில் வீட்டில்தான் சிக்கல். அத்தையின் சட்டப்படி, விளக்கு வைத்த பிறகு ஊசியை வெளியே எடுக்கக் கூடாது; உப்பும் ஊசியும் அந்தி நேரத்தில் கைமாறினால் லட்சுமி வாசலோடு திரும்பிவிடுவாள். எனக்கு வேலைகள் ஒழிந்து கை ஓய்வதோ இரவு எட்டரை மணிக்கு. லட்சுமியின் வசதியையும் என் வசதியையும் ஒன்றாகப் பொருத்தும் நேரத்தை எந்தப் பஞ்சாங்கத்திலும் காணவில்லை என்பதால், இரவில் நான் தாள் வெட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன். கத்தரிக்கோலைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் சொல்லப்படவில்லை.

இதற்கிடையே, தனியாகச் செய்தால் சலிப்புத் தட்டும், நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் ஊக்கமாக இருக்கும் என்ற எண்ணத்தில், ஞாயிறு மாலைகளில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடிக்குத் துணியும் ஊசியும் கொண்டுவரச் சொல்லிப் பெண்களை அழைத்தேன். தெரிந்ததைப் பகிர்ந்துகொள்வது நல்ல குணம் என்று சொல்பவர்கள், அதற்கு ஆகும் நேரத்தைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. வந்தவர்களில் ஒருவருக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண்ணாடி மாற்ற வேண்டிய பவர். ஒருவர், பளபளவென்றிருக்கிறது என்பதற்காக, ஊசிக்கும் மடிப்புக்கும் அடங்காமல் நழுவும் சிந்தெடிக் புடவையைத்தான் வெட்டுவேன் என்று நின்றார். இன்னொருவர் தைக்கவே வரவில்லை. தம் வீட்டுப் பழைய புடவைகளை ஒரு மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "உங்களுக்குத்தான் நேரம் இருக்கே, பேரனுக்கு ஒண்ணு தச்சுக் குடுத்துருங்க" என்றார். எனக்கு நேரம் இருக்கிறது என்ற செய்தி இப்படித்தான் குடியிருப்பு முழுவதும் பரவியது. பேரனுக்கான போர்வையைத் தைக்க மறுத்துவிட்டேன் என்பதையும் இங்கே பதிவுசெய்துவிடுகிறேன். கையால் தைத்த போர்வையை ஜீன்ஸோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போடும் வீடுகளுக்கு அதைக் கொடுப்பதில்லை என்பது என் ஒரே நிபந்தனை. அந்த வீட்டு மெஷின் ஓடும் சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்கும்.

இந்த நிலையில்தான், போன கார்த்திகைத் தீபத்தன்று, என் கணவரின் மூத்த அக்கா வீட்டுக்கு வந்தார். ஆவணியில்தான் அவருடைய மகனுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. பத்திரிகை மிகவும் ஆடம்பரமானது. தந்தநிற அட்டை, தங்க எழுத்து, விரலால் தடவினால் தட்டுப்படும் பூவேலை. அறுகோணத்துக்கு அதைவிடப் பொருத்தமான அட்டையை நான் பார்த்ததில்லை. வாசலில் அகல்களை ஏற்றிவிட்டு உள்ளே வந்தால், சோபாவின் மேல் பாதி முடிந்து கிடந்த என் தையலை எடுத்துத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மேல்பக்கம் பூவாக இருந்தாலும் பின்பக்கம் முழுவதும் எழுத்துதான். இடது ஓரத்தில் "திருநிறைச்செல்வன்" என்பதும், அதன்கீழ் அவர் மகனின் பெயரில் முக்கால்வாசியும் "பி.இ.," வரை பட்டப்படிப்பும் தெரிந்தன. "திருவளர்ச்செல்வி" அங்கே இல்லை. அவள் நான்கு வரிசை தள்ளி வலது ஓரத்தில், யாரோ ஒருவரின் காதணி விழாவுக்கும் இன்னொருவரின் புதுமனை புகுவிழாவுக்கும் நடுவே இருந்தாள். "இரு வீட்டார் அழைப்பு" என்பதில் "இரு" ஒரு துண்டிலும் "வீட்டார்" வேறொரு துண்டிலும் பிரிந்து கிடந்தன. "தாய்மாமன்" என்ற சொல் மட்டும் ஒரு துண்டின் நட்டநடுவில், ஒரு எழுத்தும் சேதமாகாமல், கம்பீரமாக இருந்தது. தாய்மாமன் என் கணவர்தான். அவர் அதைப் பார்த்து மெல்லச் சிரித்தது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

"ஏங்கண்ணு, பையனை ஒரு மூலையிலயும் மருமகளை ஒரு மூலையிலயும் போட்டு வச்சிருக்கறயே, நாயமா இது?" என்றார் அக்கா.

இது தாள் மட்டும்தான், தைத்து முடித்ததும் உருவிவிடுவோம் என்று விளக்கத் தொடங்கினேன். அதற்குள் சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "அதான் பாரு, அவன் பெங்களூர்லயும் அவ ஹைதராபாத்துலயும் இருக்கறாங்க. ட்ரான்ஸ்பர் கேட்டுக் கேட்டு இன்னும் கிடைக்கல."

மென்பொருள் நிறுவனம் ஒன்றின் பணியிட மாற்றக் கொள்கையை என் டிபன் பாக்ஸ் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு அன்று எங்கள் கூடம் ஒருமனதாக வந்தது. இருவரையும் அன்றைக்கே, அந்த நல்ல நாளிலேயே, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்துவிட வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். விளக்கு வைத்தாயிற்றே என்று நான் நினைவூட்டினேன். எனக்குக் கல்யாணமான நாள் முதல் அந்தச் சட்டத்தை அணுவளவும் தளர்த்தாத அத்தை, தாமே உள்ளே போய் ஊசியையும் நூல்கண்டையும் எடுத்துவந்து என் கையில் கொடுத்து, "ரெண்டு பேரைச் சேத்து வைக்கறதுக்கு லட்சுமி ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார். வாசலில் நூறு அகல்கள் எரிந்துகொண்டிருக்க, நான் உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். நெருக்கித் தைத்த தையலைப் பிரிப்பது, தைப்பதைவிட மெதுவான வேலை. அக்கா சும்மா பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காமல் இன்னொரு ஊசியை எடுத்துக்கொண்டார். மருமகளின் துண்டை மகனின் துண்டோடு அவரே இணைத்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் கையிலேயே என்னுடையதைவிடச் சின்னத் தையலாகப் போட்டார்.

அடுத்த சிக்கல், தாளை உருவுவது. உருவவே கூடாது, உருவினால் சேர்த்து வைத்ததற்கு என்ன அர்த்தம் என்றார் அக்கா. உருவாவிட்டால் போர்வையைத் துவைக்க முடியாது என்றேன். அப்போது என் கணவர், நான் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருந்து, எனக்கு எதிராகவே எடுத்துவிட்டார். இங்கிலாந்தில் யார்க் நகரில் உள்ள ஒட்டுப்போர்வைக் கலைஞர் சங்கத்தின் சேகரிப்பில், 1718 என்று ஆண்டு பொறித்த ஒரு பட்டு ஒட்டுவிரிப்பு இருக்கிறது. அதுவும் இதே முறையில் தாள் வைத்துத் தைத்ததுதான். 300 ஆண்டுகள் கடந்தும் தாள்கள் உள்ளேயே இருக்கின்றன. இப்படி உள்ளே தங்கிவிட்ட தாள்களின் எழுத்தைப் படித்துத்தான் பழைய போர்வைகள் பலவற்றின் காலத்தையே கணிக்கிறார்கள். "வெள்ளைக்காரனே எடுக்கலையே!" என்று அக்கா வழக்கை முடித்துவிட்டார். ஆகவே அந்த இரண்டு தாள்கள் மட்டும் உள்ளேயே இருக்கும் என்றும், போர்வை கட்டிலுக்குப் போகாமல் சுவரில் தொங்கும் அலங்காரமாகிவிடும் என்றும் தீர்மானமானது.

புறப்படும்போது அக்கா என் டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டார். ஊசிகள், நூல்கண்டு, சின்னக் கத்தரிக்கோல், ஒற்றைப் புள்ளிச் சுங்குடித் துண்டுகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ரெண்டு நாளில் கொடுத்தனுப்புகிறேன் என்றார். கார்த்திகை போய் மார்கழியும் வந்துவிட்டது. அவர் இப்போது தம் ஊரில் சம்பந்தி வீட்டாரையும் சேர்த்து உட்காரவைத்துத் தைக்கிறாராம். பத்திரிகைக்கு அங்கே பஞ்சமே இல்லையாம்.

நேற்று வங்கியில் நகைக்கடனைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். நல்ல கூட்டம்; கணினி வேறு மெதுவாக இருந்தது. நல்ல வெளிச்சம், சாய்ந்துகொள்ள நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, கையில் ஒன்றரை மணி நேரம், ஆனால் ஊசி இல்லை. அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் நாலைந்து பெண்களின் பேச்சுக் குரல் கேட்டது. "கண்ணு, பன்னெண்டு முடிஞ்சுது. அடுத்த சுத்துக்கு எத்தனை?" என்றார். அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டுமே என்று நான் கொஞ்சம் உரக்கவே "பதினெட்டு!" என்றேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் தம் டோக்கனை ஒருமுறை பார்த்துவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நேராகக் கவுன்ட்டருக்குப் போய்விட்டார்.