நிலத்தின் விலையை விடுங்கள், வாடகையைப் பாருங்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டுக்குப் புதிய சோலைவரி (வீடுகளுக்கு மாநகர சபை போடும் வரி) மதிப்பீடு வந்த நாளிலிருந்து அந்த ஒழுங்கையில் ஒரே பேச்சு, பேர்ச் விலை, அதாவது காணி அளக்கும் பேர்ச் ஒன்று என்ன விலை என்பது. "பேர்ச் இப்ப என்ன விலை போகுது, கூட்டாமல் விடுவாங்களா?" என்று முன்வீட்டு அண்ணர் அலுத்துக்கொண்டார். அறிவித்தலில் ஆட்சேபிக்கக் கடைசித் திகதி போட்டிருந்தது. அதை யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

மாநகர சபைகள் கட்டளைச் சட்டப்படி வரி போடுவது நிலத்தின் விற்பனை விலைக்கு அல்ல, வருடாந்தப் பெறுமதிக்கு. அதாவது, வரிகளை வாடகைக்காரரும் திருத்த வேலைகளைச் சொந்தக்காரரும் பார்த்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், அந்த வீட்டுக்கு வருடத்துக்கு எவ்வளவு வாடகை நியாயமாகக் கிடைக்கும் என்ற கணக்கு. அதில் ஒரு வீதம்தான் வரி. ஆகவே பேர்ச் விலையோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

பெரியம்மா தன் கைப்பட எழுதிய ஆட்சேபக் கடிதத்தில் பெரியப்பா இறந்தது, முழங்கால் வலி, மருந்துச் செலவு எல்லாம் இருந்தன. அவற்றை வெட்டிவிட்டேன். "அப்ப என்ர கஷ்டத்தை ஆரிட்டச் சொல்லுறது?" என்று கோபித்துக்கொண்டார். கஷ்டம் உண்மைதான், ஆனால் அதனால் வீட்டின் வாடகை குறையாதே. பதிலாக, ஒழுங்கைக்குள் கார் வராது, மழைக்குக் கான் (வடிகால்) பொங்கி முற்றத்துக்கு வரும், பின்னறைக் கூரை பழைய அஸ்பெஸ்டஸ், மேல்மாடி கிடையாது என்று எழுதினோம். பக்கத்தில் அதே அளவு வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்பதையும் சேர்த்தோம். அந்த வாடகை ஒப்பந்தத்தின் பிரதியை வாங்குவதுதான் பெரும்பாடு. வாடகை வருமானத்தைக் கடதாசியில் காட்ட நம்மவர்களுக்கு இருக்கும் பயம் தெரிந்ததுதானே!

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. ஆட்சேபத்துக்குச் சபை தரும் முடிவில் திருப்தி இல்லையென்றால், அதை அறிவித்ததிலிருந்து 30 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஆனால் எழுத்தில் கொடுத்த ஆட்சேபத்தில் இல்லாத காரணத்துக்கு அங்கே சாட்சியம் வைக்க முடியாது. முதல் கடிதத்தில் கூரையை விட்டுவிட்டால் வழக்கிலும் கூரை இல்லை. அதனால்தான் அற்பமாகத் தெரிந்ததைக்கூட விடாமல் எழுதவைத்தேன். கையளித்த பிரதியில் முத்திரையும் திகதியும் குத்தி வாங்கிக்கொண்டோம்.

விசாரணையில் கூரைப் படங்களைக் காட்டினோம், ஒப்பந்தப் பிரதியைக் கொடுத்தோம். அப்புறம் வந்த கடிதத்தில் பெறுமதி குறைந்திருந்தது, நாங்கள் கேட்ட அளவுக்கு இல்லை. வழக்குக்குப் போகலாமா என்று பெரியம்மாவைக் கேட்டேன். மிச்ச வித்தியாசத்தைவிட லோயர் ஃபீஸ் கூட வரும் என்று கணக்குப் போட்டு வேண்டாம் என்றுவிட்டார். ஜனவரி 31க்கு முன் முழு வருட வரியையும் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு, இந்த முறை அதை எடுத்துவிடலாம் என்று இருக்கிறார். முன்வீட்டு அண்ணருக்கு ஆட்சேபிக்கும் கடைசித் திகதி போய்விட்டது. அவர் இன்னும் பேர்ச் விலைதான் பேசுகிறார்.