துபாய் குடும்ப விசா: ஒரு கல்யாணச் சான்றிதழ் இழுத்தடித்த கதை

மனைவியின் எமிரேட்ஸ் ஐடி (அமீரக அடையாள அட்டை) கைக்கு வந்துவிட்டது. நிம்மதிதான். ஆனால் அதற்காக ஊரில் அலைந்த அலைச்சலை நினைத்தால் வயிறு இன்னும் எரிகிறது. துபாயில் செய்ய வேண்டியதெல்லாம் மளமளவென்று முடிந்தது. இழுத்தடித்தது முழுக்க ஊரில் வாங்கிய கல்யாணச் சான்றிதழ். பாளையங்கோட்டை, மேலப்பாளையம், கடையநல்லூர், வள்ளியூர்ப் பக்கமிருந்து குடும்பத்தை அழைத்துக்கொள்ள நினைப்பவர்கள், லீவு முடிந்து விமானம் ஏறும் முன்பே அந்த ஒரு தாளை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட வேண்டும். துபாயில் உட்கார்ந்துகொண்டு நெல்லையில் ஓர் எழுத்தைத் திருத்துவது பெரும்பாடு.

குடும்பத்தை அழைப்பவருக்கான சம்பள விதி எல்லோருக்கும் தெரிந்ததே: மாதம் 4,000 திர்ஹம், அல்லது கம்பெனி தங்குமிடத்தோடு 3,000. அதில் சிக்கல் வராது. சிக்கல் அட்டஸ்டேஷனில்தான், அதாவது தாள் உண்மையானது என்று அரசு அலுவலகங்கள் சான்றளிப்பதில்.

ஐக்கிய அரபு அமீரகம் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரே ஸ்டிக்கரை வைத்து உறுப்பு நாடுகள் ஒன்றின் தாளை மற்றொன்று ஏற்கும் ஏற்பாடு) இல்லை. ஆகவே அப்போஸ்டில் ஸ்டிக்கர் ஒட்டிய சான்றிதழை அங்கே ஏற்க மாட்டார்கள். வரிசை இதுதான்: முதலில் சென்னையில் மாநில அரசின் அட்டஸ்டேஷன், அடுத்து இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரகத்துக்குப் போனபின் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம். ஒரு படியைத் தாண்டினால் அடுத்த மேசையில் நின்றுவிடும். "அப்போஸ்டில் போட்டாப் போதும் அண்ணாச்சி, எல்லா நாட்டுக்கும் செல்லும்" என்று ஓர் ஏஜென்ட் என்னிடமும் அடித்துச் சொன்னார். விசாரிக்காமல் கொடுத்திருந்தால் பணமும் போய், தாளில் தேவையில்லாத ஸ்டிக்கரும் ஏறியிருக்கும். ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது எம்பஸி வரைக்கும் போகுமா?" அதற்கு நேரான பதில் வராவிட்டால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

எந்தச் சான்றிதழ் என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். கோயிலில் தாலி கட்டியதற்கான ரசீது போதாது. ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவையோ தேவாலயத்தில் கொடுக்கும் சான்றையோ மட்டும் வைத்துக்கொண்டு மாநில அட்டஸ்டேஷனுக்குப் போனால் கேள்வி மேல் கேள்வி வரும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இல் வந்ததிலிருந்து எந்த மதத்துக் கல்யாணமும் பதிவாக வேண்டும். கல்யாணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் வந்து கல்யாணம் முடிப்பவர்கள் மறுவீடு, விருந்து என்று சுற்றிவிட்டு, அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுகிறார்கள். அடுத்த லீவுக்குள் கெடு தாண்டிவிடும். பதிவுக்கு இரண்டு பேரும் நேரில் வர வேண்டும், சாட்சிகளும் வேண்டும். எனவே கல்யாணத்துக்கு அடுத்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

இப்போது பெயருக்கு வருகிறேன். எங்களைப் பிடித்து உலுக்கியது இதுதான்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது. விரித்துத்தான் எழுத வேண்டும். நம் ஊர்த் தாள்களிலோ எல்லாமே இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'மு. காந்திமதி', பாஸ்போர்ட்டில் 'காந்திமதி முத்தையா', கல்யாணச் சான்றிதழில் மறுபடி 'மு. காந்திமதி' என்று இருக்கும். சான்றிதழில் தகப்பனார் பெயருக்கான கட்டத்தில் 'முத்தையா' என்று முழுதாக இருந்து, அது பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளோடு ஒத்துப்போனால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். அந்தக் கட்டத்திலும் இனிஷியலையே எழுதிவைத்திருந்தால் கஷ்டம்தான்.

அடுத்தது ஆங்கில எழுத்துக்கூட்டல். இசக்கியம்மாள் என்ற பெயர் ஒரு தாளில் 'ஈ' எழுத்தில் தொடங்கும், இன்னொன்றில் 'ஐ' எழுத்தில். சுடலைமுத்து ஒன்றில் ஒரே சொல், இன்னொன்றில் இரண்டு சொல். பேச்சியம்மாளுக்கு ஒரு 'எம்'மா இரண்டு 'எம்'மா என்பது டைப் அடிப்பவர் கையில். ஊரில் யாரும் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். துபாயில் விசா டைப் செய்பவருக்குப் பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரி எழுத்துகள்தான் வேதம்.

எங்கள் சான்றிதழில் மனைவியின் பெயரில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. நாங்கள் கொடுத்த விண்ணப்பத்தில் சரியாக இருந்தது; டைப் ஆகும்போது போயிருக்கிறது. திருத்தித் தரக் கேட்டபோது அங்கிருந்த எழுத்தர் சொன்ன பதில்: "தமிழ்ல சரியாத்தானய்யா இருக்கு? ஒரு எழுத்துக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" அதிகாரி இல்லை, நாளைக்கு வா, சர்வர் இல்லை, அடுத்த வாரம் வா. கடைசியில் கைகொடுத்தது, பதிவன்று கொடுத்த விண்ணப்பத்தின் நகல். அதை மேசையில் வைத்து, பிழை உங்கள் பக்கம் நேர்ந்தது என்று சார்பதிவாளரிடமே காட்டியபிறகு பேச்சு மாறியது. திருத்த மனு, இருவர் பாஸ்போர்ட் நகல், மனைவியின் மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, திருத்திய சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது வந்த சந்தோஷம் விசா வந்தபோதுகூட வரவில்லை.

ஆகவே பதிவு விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கு முன் நகல் எடுத்து, கொடுத்த தேதி தெரிய ஒப்புகை வாங்கி வையுங்கள். சான்றிதழைக் கையில் வாங்கியதும் அந்த இடத்திலேயே நின்று பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள்: இருவர் பெயர், இருவர் தகப்பனார் பெயர், பிறந்த தேதி, கல்யாணத் தேதி. வாசலைத் தாண்டிவிட்டால் திருத்த மனுதான். எது கேட்டாலும் வாயால் கேட்காமல் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தேதி போட்ட முத்திரை இருந்தால் 'நாளைக்கு வா' என்பது குறையும்.

"இரண்டு பெயரும் ஒரே ஆள்தான்" என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நிறையப் பேர் யோசனை சொல்வார்கள். நம் ஊர் வங்கியில் அது செல்லலாம். வெளிநாட்டில் காட்ட வேண்டுமானால் அந்த அஃபிடவிட்டுக்கும் இதே அட்டஸ்டேஷன் வரிசை முழுக்க வேண்டும். அதைவிடச் சான்றிதழையே திருத்துவது மேல்.

இன்னொரு கண்ணி: கல்யாணம் முடிந்ததும் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும் அவசரத்தில் மனைவியின் ஆதாரில் கணவன் பெயரை இனிஷியலாக மாற்றிவிடுவார்கள். மாமனார் வீட்டிலும் அதுதான் முறை என்பார்கள். பிறகு அந்த ஆதாரை வைத்துப் பாஸ்போர்ட் எடுத்தால், பாஸ்போர்ட்டில் கணவன் பெயர், கல்யாணச் சான்றிதழில் தகப்பனார் பெயர் என்று இரண்டும் முட்டிக்கொள்ளும். விசா முடியும்வரை மனைவியின் தாள்களைத் தகப்பனார் பெயரோடே விட்டுவிடுங்கள். பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து, இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயரும் இல்லாத பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை அமீரகம் அனுமதிப்பதில்லை. மனைவியை முதலில் விசிட்டில் கூட்டி வந்து அங்கேயே விசா மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்கள், டிக்கெட் எடுக்கும் முன் இதைப் பாருங்கள். தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து மறுபாஸ்போர்ட் எடுத்துவிடுவதே நல்லது. நம் பகுதி மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வந்தாலும், திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலேயே வேலை முடிந்துவிடும். தென்காசி 2019-இல் தனி மாவட்டமானதால் பழைய தாளில் திருநெல்வேலி மாவட்டம், புதிய ஆதாரில் தென்காசி மாவட்டம் என்று இருக்கும். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது முகவரியையும் சேர்த்தே சரிசெய்துவிடுங்கள்.

லேமினேஷன் பற்றி இன்னும் சொல்லவில்லை. நம் வீடுகளில் சான்றிதழ் வந்த அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய் பிளாஸ்டிக் போட்டுவிடுவார்கள், பத்திரமாக இருக்கட்டும் என்று. லேமினேட் செய்த தாளில் முத்திரையும் குத்த முடியாது, ஸ்டிக்கரும் ஒட்ட முடியாது, எடுக்கவே மாட்டார்கள். பிளாஸ்டிக்கை உரித்தால் மையும் சேர்ந்து உரியும். உரிக்க முயற்சி செய்யாமல், பதிவு செய்த அலுவலகத்திலேயே புதிதாகச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது வட்ட முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா, அதிகாரியின் பெயரும் பதவியும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முத்திரை மங்கல் என்பதற்காகவே எங்களுக்கு ஒரு ராத்திரி ரயில் வீணாயிற்று. நெல்லை எக்ஸ்பிரஸில் போய் எழும்பூரில் இறங்கி, மத்தியானமே வெறுங்கையோடு திரும்ப வேண்டியதாயிற்று.

ஏஜென்டிடம் கொடுப்பதில் தப்பில்லை. இந்திய வெளியுறவு அமைச்சகம் 2012 முதல் நேரடியாகத் தனி ஆட்களிடம் தாள் வாங்குவதில்லை, நியமித்த நிறுவனங்கள் வழியாகத்தான் வாங்குகிறது. ஆனால் கொடுக்கும் முன் தாளின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். ரசீதில் எந்தெந்த அட்டஸ்டேஷன் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். திரும்பி வந்ததும் வெளியுறவு அமைச்சக ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். எண் ஏறவில்லை என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

துபாய்ப் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமீரக வெளியுறவு அமைச்சக அட்டஸ்டேஷன் 150 திர்ஹம். அதன்பிறகே அரபு மொழிபெயர்ப்பு, அதுவும் நீதி அமைச்சகத்தின் உரிமம் பெற்றவரிடம். முத்திரை போடும் முன் வரைவை வாங்கி, உங்கள் எமிரேட்ஸ் ஐடியில் அரபியில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அரபி தெரியாவிட்டாலும் உருவத்தை ஒப்பிடலாம். ஆமர் சென்டரில் (துபாயின் விசா சேவை மையம்) விண்ணப்பம், நுழைவு அனுமதி, மெடிக்கல், கைரேகை, இன்ஷூரன்ஸ் எல்லாம் வரிசையாக நடந்தன. கர்ப்பமாக இருந்தால் மெடிக்கலில் எக்ஸ்ரே அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக் கணக்கில்தான் பலர் திணறுகிறார்கள். நாலு பேரோடு பெட் ஸ்பேஸில் (ஒரே அறையில் கட்டில் மட்டும் வாடகைக்கு) இருப்பவருக்கு அவர் பெயரில் எஜாரி (அரசிடம் பதிந்த வாடகை ஒப்பந்தம்) இருக்காது, குடும்ப விசாவுக்கு எஜாரி வேண்டும். முன்பணம் வருட வாடகையில் 5 சதவீதம், ஃபர்னிச்சரோடு என்றால் 10 சதவீதம். புரோக்கருக்குப் பொதுவாக 5 சதவீதம். துபாயின் மின்சார, தண்ணீர் நிறுவனமான தேவாவுக்கு டெபாசிட், அபார்ட்மென்டுக்கு 2,000 திர்ஹம். இதற்குமேல் வருட வாடகையில் 5 சதவீதம் வீட்டு வரியாக, தேவா பில்லோடு மாதாமாதம் பிரித்து வரும். பட்ஜெட் போடும்போது பலர் விட்டுவிடுவது இதைத்தான். வாடகைக்குப் பின்தேதியிட்ட செக் கேட்பார்கள். எத்தனை செக் என்பதைப் பேரம் பேசலாம். செக் குறைந்தால் வாடகையும் குறையும்.

ஊரிலிருந்து பெட்டி கட்டும்போது மசாலாப் பொட்டலங்களைப் பிரித்துப் பாருங்கள். கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள், குருமாவுக்கென்று அம்மா வைத்துவிட்டாலும் எடுத்துவிடுங்கள். டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை, இருமல் மருந்து இருந்தால் முன் அனுமதி வேண்டும்.

விசா வந்தபிறகும் ஒரு கெடு இருக்கிறது. 180 நாளுக்குமேல் தொடர்ந்து அமீரகத்துக்கு வெளியே இருந்தால் விசா ரத்தாகிவிடும். வளைகாப்பு முடிந்து பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகும் பெண்களுக்கு இதுதான் இடிக்கும். ஏழாம் மாதம் போய், பிள்ளை பிறந்து, மூன்று மாதம் கழித்துத் திரும்பலாம் என்றால் கணக்கு ஏறக்குறைய முட்டிவிடும். போகும் தேதியிலிருந்து நாளை எண்ணிக் குறித்துவைத்து, பிள்ளையின் பாஸ்போர்ட்டையும் அதற்குள் எடுக்க வேண்டும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே பிறந்த தேதிக்கு ஆதாரம். அந்தச் சான்றிதழும் பிள்ளையின் விசாவுக்காக இதே அட்டஸ்டேஷன் வரிசையில் போகும். ஆஸ்பத்திரியில் பிறப்புப் படிவத்தை நிரப்பும்போது கூட இருப்பது பெரும்பாலும் அத்தையோ சித்தியோதான். அவர்கள் வாயால் சொல்லும் பெயர்தான் இனிஷியலோடு ஏறும். அட்மிட் ஆகும்போதே தாய் தகப்பன் இருவரின் பாஸ்போர்ட் நகலையும் கொடுத்து, இதைப் பார்த்தே எழுதுங்கள் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைக்குப் பெயர் முடிவாகவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடலாம், ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் அது சேர்ந்திருக்க வேண்டும்.