47 நிமிடம் பின்தங்கிய கேமரா

உங்கள் தெருவில் சங்கத்தின் பேரில் கண்காணிப்பு கேமரா இருந்தால், இன்றைக்கே போய் அதன் திரையில் ஓடும் நேரத்தையும் உங்கள் கைப்பேசி காட்டும் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாங்கள் மூன்று ஆண்டுகளாகப் பார்க்கவில்லை. அதற்கான அடி, எந்தத் தப்பும் செய்யாத 19 வயதுப் பையனின் கன்னத்தில் விழுந்தது. அந்தப் பையனின் படத்தை வெட்டி வட்டம் போட்டு அனுப்பியவள் நான்தான்.

தென்சென்னையில் 64 வீடுகள் கொண்ட தெரு எங்களுடையது. குடியிருப்போர் நலச் சங்கத்தில் நான் பொருளாளர். சென்னைக் காவல்துறை, ஏ.கே. விசுவநாதன் ஆணையராக இருந்த காலத்தில் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் தெருத் தெருவாகக் கேமரா வைக்கச் சொல்லி ஊக்கப்படுத்தியது பலருக்கும் நினைவிருக்கும். நாங்கள் அசைந்து கொடுத்து வசூல் செய்து நான்கு கேமரா பொருத்தியது 2022 ஜனவரியில்தான். பொருத்திவிட்டோம், இனிமேல் பயமில்லை என்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

2025 ஜனவரி 8, மார்கழி 24. எதிர்வீட்டு அக்கா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் இருந்தவன் இறங்கி முகவரி கேட்பது போல் குனிந்தான், நான்கு சவரன் சங்கிலியை இழுத்தான், போய்விட்டார்கள். அக்காவின் கழுத்தில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. அவர் என்னை அழைத்தது 5.52 மணிக்கு, அந்த நேரம் இன்னும் என் கைப்பேசியில் பதிவாக இருக்கிறது. 100-க்கு அழைத்தோம், ரோந்து வண்டி சீக்கிரமே வந்தது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

குறையெல்லாம் அதற்குப் பிறகுதான். பக்கத்தில் இருந்த காவல் நிலையத்துக்கு நடந்தே போனோம். “உங்கள் தெருவில் இந்தப் பக்கம்தான் எங்கள் எல்லை, அந்த வரிசை வீடுகள் வேறு நிலையம்” என்று அனுப்பிவிட்டார்கள். எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. கழுத்து எரிகிற பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அடுத்த நிலையத்துக்குப் போனோம். அங்கே, “இது குற்றப்பிரிவு வேலை, குற்றப்பிரிவு ஆய்வாளர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார், மாலையில் வாருங்கள்” என்றார்கள். சென்னையில் சட்டம் ஒழுங்குக்கு ஓர் ஆய்வாளர், குற்றப்பிரிவுக்கு ஓர் ஆய்வாளர் என்று தனித்தனியாக இருப்பார்கள். போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம்.

மாலையில் போனோம். எழுத்தர் மனுவைப் படித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, “கொக்கி தேய்ந்து தானாகக் கழன்று விழுந்திருக்கலாம் அல்லவா? காணாமல் போனது என்று எழுதிக் கொடுங்கள், உடனே ரசீது போட்டுத் தருகிறேன்” என்றார். அக்கா பதில் பேசவில்லை. சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டினார். அப்போதும் எழுத்தர் “எதற்கும் யோசியுங்கள்” என்றுதான் சொன்னார்.

தயவுசெய்து இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘பறித்தார்கள்’ என்பதை ‘காணவில்லை’ என்று நீங்களே கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டால் திருடனைத் தேட வேண்டிய அவசியமே யாருக்கும் இல்லாமல் போய்விடும். பறிப்பு என்பது இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 304 என்று தனிப் பிரிவாகவே இருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை. இப்படிப்பட்ட குற்றம் நடந்ததாகத் தகவல் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே சொல்லிவிட்டது. புதிய நடைமுறைச் சட்டத்தில், மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மேலதிகாரியின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்ய வழி இருக்கிறது. அதைக் காட்டித் தள்ளிப்போடப் பார்ப்பார்கள். தள்ளிப்போட்டாலும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையம் தரும் சீட்டு, வாங்காமல் எழுந்து வரக் கூடாது. நாங்கள் இரவு 9 மணி வரை அந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்து வாங்கினோம்.

நகைக்கு ரசீது கேட்டார்கள். 1990-களில் வாங்கிய சங்கிலிக்கு யார் ரசீது வைத்திருக்கிறார்கள்? கல்யாணப் படத்தில் சங்கிலி தெரிகிறது, எடை தெரியாதே. அக்காதான் இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து பழைய நகைக்கடன் சீட்டைத் தேடி எடுத்தார். மகனின் படிப்புக்காகக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து மீட்ட சீட்டு. அதில் மதிப்பீட்டாளர் கையெழுத்தோடு, சங்கிலி 1, 32.400 கிராம் என்று இருந்தது. கடையின் ரசீது கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. மீட்ட பிறகு அடகுச் சீட்டைக் கிழித்துப் போடுகிறவர்கள் இனி கிழிக்காதீர்கள்.

இனி கேமரா.

அன்று காலையே நானும் சங்கச் செயலாளரும் பதிவைப் பார்த்தோம். 5.50-க்குத் தள்ளினோம். பைக்கில் ஒருவன், தலையில் குல்லாய், ஒவ்வொரு வாசலிலும் வேகத்தைக் குறைத்து வீட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டே போகிறான். அக்கா வீட்டு வாசலில் நின்றே விட்டான். எங்கள் தெருவில் பார்த்த முகமில்லை. இரண்டு பேர் என்று அக்கா சொன்னாரே என்று செயலாளர் இழுத்தார். இன்னொருவன் முனையில் நின்றிருப்பான் என்று நானே சமாதானம் சொன்னேன். கோபம் கண்ணை மறைத்தது என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை. படத்தை வெட்டி, சிவப்பு வட்டம் போட்டு, ‘இவனைக் கண்டால் பிடியுங்கள்’ என்று எங்கள் காவல் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். மதியத்துக்குள் அது சுற்றியுள்ள நான்கைந்து தெருக்களின் குழுக்களுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை அடுத்த தெருவில் அவனைப் பிடித்துவிட்டார்கள். வண்டிச் சாவியைப் பிடுங்கி, கன்னத்தில் இரண்டு அறை அறைந்து, காவல் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள். அவன் வண்டியில் இருந்தது செய்தித்தாள் கட்டு. வழக்கமாகப் பேப்பர் போடும் பையன் சபரிமலைக்குப் போயிருந்தான், அந்த வாரம் அவனுக்குப் பதிலாக வந்த சித்தப்பா மகன் இவன். புது ஆள், வீட்டு எண்ணைப் பார்த்துப் பார்த்துத்தானே பேப்பர் போட முடியும்!

நிலையத்தில் அன்று பணியில் இருந்த தலைமைக் காவலர் ஒரு பெண். எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, வெட்டிய படத்தை ஒதுக்கிவிட்டு முழுப் பதிவையும் ஓடவிட்டார். பையன் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பிருந்தே ஓடவிட்டார். அக்கா சட்டென்று திரையில் விரலை வைத்தார்.

“அது நான் பாதியில் விட்ட கோலம் அல்லவா?”

ஆமாம். பையன் வருவதற்கு முன்பே வாசலில் கோலம் பாதியில் நின்றிருந்தது. கோலப்பொடி டப்பா கவிழ்ந்து, வெள்ளைப் பொடி படியோரமாகச் சிந்திக் கிடந்தது. சங்கிலி பறிபோன பிறகு வந்தவன் அவன். அதோடு, படம் வண்ணத்தில் இருந்தது, மார்கழியில் 5.50-க்கு எங்கள் தெரு கும்மிருட்டு, அந்நேரத்தில் கேமரா கறுப்பு வெள்ளையில்தான் காட்டும். இதை நாங்கள் இரண்டு பேரும் பத்து முறை பார்த்தோம், ஒரு முறை கூட உறைக்கவில்லை.

கேமரா கடிகாரம் 47 நிமிடம் பின்தங்கியிருந்தது. கேமரா படங்களைப் பதிவு செய்து வைக்கும் பெட்டியான டி.வி.ஆருக்கு இணைய இணைப்பு இல்லை, பொருத்திய நாளிலிருந்து யாரும் நேரம் பார்க்கவில்லை. நாளுக்கு மூன்று நொடி கூடக் குறையவில்லை, ஆனால் மூன்று ஆண்டுகள். உண்மையில் பறிப்பு நடந்த காட்சி திரையில் 5.03 என்ற நேரத்தில் இருந்தது. பைக்கும் இரண்டு உருவங்களும் தெரிந்தன, வண்டி எண்ணில் கடைசி இரண்டு இலக்கமும் தெரிந்தன.

இங்கேயும் ஒரு தப்புச் செய்தோம். பதறிப்போய் அன்று மாலையே ஆளை வரவழைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டோம். செய்யவே கூடாது. முதலில் டி.வி.ஆர். திரையையும் கைப்பேசியின் நேரத்தையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் கடிகாரத்தைத் தொட வேண்டும். விசாரணை அதிகாரி, “47 நிமிடம் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டபோது விழித்தோம். நல்லவேளை, அதே நாள் விடியற்காலை என் மகன் விமான நிலையத்துக்கு வாடகைக் கார் பிடித்திருந்தான். பயண ரசீதில் 4.38 என்று இருந்தது. அதே கார் என் வீட்டு வாசலிலிருந்து கிளம்புவது பதிவில் 3.51 என்று இருந்தது. ரசீதை அச்செடுத்துக் கொடுத்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார்.

முதல் நாள் ஒரு காவலர் திரையில் ஓடும் படத்தைத் தன் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு போயிருந்தார். அது நீதிமன்றத்தில் உதவாது. பதிவின் நகலோடு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63(4) பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழின் இடத்தில் வந்தது. முதல் பகுதியில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்திட வேண்டும், இரண்டாம் பகுதியில் நிபுணர். கோப்பை யாரும் மாற்றவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். ‘கருவியின் பொறுப்பாளர் யார்?’ என்ற கேள்விக்கே எங்கள் சங்கத்தில் ஒரு நாள் சண்டை நடந்தது. இப்போதே ஒருவரைத் தீர்மானம் போட்டு நியமித்துவிடுங்கள். எங்கள் டி.வி.ஆரில் 18 நாள்தான் பதிவு தங்கும், அதன் மேல் அழிந்து புதியது ஏறும். நகல் எடுத்தது 15-ஆம் நாள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

முதல் தகவல் அறிக்கை அதற்குள் பதிவாகிவிட்டது. நகலுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், புகார்தாரருக்கு அது இலவசம். தெருமுனையில் எரியாத விளக்குக்காக மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணை அழைத்துக் கம்பத்தின் எண்ணைச் சொன்னேன், இரண்டு நாளில் வந்துவிட்டார்கள்.

அந்தப் பையன் வீட்டுக்கு நானும் தலைவரும் போனோம். அவன் அம்மா நாற்காலி எடுத்துப் போட்டார், ஆனால் எங்களோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவன் என்னிடம் ஒன்றுதான் கேட்டான்.

“என் படத்தை எல்லோரும் அழித்துவிட்டார்களா, அக்கா?”

ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எத்தனை குழுக்களுக்குப் போனதோ, யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களிலும் என் பெயரையும் போட்டு, தப்பு என்னுடையது, இவர் பேப்பர் போட வந்தவர் என்று எழுதினேன். 2018 மே மாதத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டியைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தை கடத்த வந்தவர் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள்; அதுவும் வாட்ஸ்அப் வதந்தியில் கிளம்பியதுதான். அந்தச் செய்தியைப் படித்து அன்று அழுதவள் நான். அப்படியிருந்தும் செய்திருக்கிறேன்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இளைஞர்கள் சிலர், காவல்துறை நண்பர்கள் அமைப்பில் சேர்ந்து இரவில் சுற்றலாம் என்றார்கள். 1993-இல் இராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய அமைப்பு அது. தந்தையும் மகனும் காவலில் இறந்த சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு 2020 ஜூலையில் அரசு தடை விதித்தது. அதை எடுத்துச் சொன்னேன். யாரையும் நிறுத்தி விசாரிக்கவோ பையைச் சோதிக்கவோ நமக்கு அதிகாரம் இல்லை. கண்ணெதிரே நடந்த பெரிய குற்றம் என்றால் பிடிக்கலாம், பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம் தருவது. குழுவில் இனி யாருடைய முகமும் போகாது என்று தீர்மானம் போட்டோம். ஏழு பேர் எதிர்த்தார்கள், நிறைவேறிவிட்டது.

பட்டா புத்தகம் கேட்டும் மனு கொடுத்தோம். ரோந்து வரும் காவலர் கையெழுத்திட்டுப் போகும் அந்தப் புத்தகம், முன்பு எங்கள் தெருவிலும் பெட்டியில் தொங்கியதுதான். முதல் மனு தொலைந்துவிட்டது என்றார்கள். இரண்டாவது மனுவை நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு கொடுத்தேன். பன்னிரண்டு நாளில் கடைசி வீட்டுச் சுவரில் பெட்டி வந்துவிட்டது.

சங்கிலி இன்னும் கிடைக்கவில்லை. கருவியின் பொறுப்பாளராக என் பெயரையே எழுதச் சொல்லிவிட்டேன். மாதம் பிறந்தால் முதல் நாள் காலையில் நேரத்தைச் சரிபார்த்து, படம் எடுத்து, நோட்டில் குறித்துவிட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்துகிறேன். பிப்ரவரி 1: 58 நொடி பின். மார்ச் 1: 73 நொடி பின்.