அங்கிட்டு வருதா?

எங்கள் ஊர் மேலூரைத் தாண்டி, கொட்டாம்பட்டிப் பக்கம். ஊர்க் கண்மாயில் கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு குமிழித் தூம்பு உண்டு. தண்ணீர் நிறைந்திருக்கும்போது இரண்டு கல்தூண்கள் மட்டும் வெளியே தெரியும். அடியில் கல்தொட்டி, அதில் ஒரு துளை, துளையை அடைக்க ஒரு கல். வயலுக்குத் தண்ணீர் திறக்க வேண்டுமென்றால் என் தாய்மாமா தூணைப் பிடித்து முங்கி அந்தக் கல்லைத் தூக்கிவிடுவார். மேலே சுழி போடும். மூச்சு வாங்கிக்கொண்டே கரைக்கு மறுபக்கம் நிற்கும் என்னிடம், "டேய், அங்கிட்டு வருதா?" என்று கத்துவார். மடைவாயில் முதலில் காற்று உறுமும். அப்புறம் கலங்கலாக, தழையும் நண்டுமாகத் தண்ணீர் பீறிடும். "வருது மாமா!"

பன்னிரண்டாம் வகுப்பில் வாத்தியார் கருந்துளையைப் பற்றி ஐந்து நிமிடம் சொன்னார். ஒளிகூட உள்ளே போனால் போனதுதான் என்றார். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: சரி, அங்கிட்டு எங்கே வருது? கேட்கவில்லை. ஐ.டி.ஐ. முடித்து, மேலூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை போட்டு, இருபது வருஷம் ஓடியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

குவாசார் பற்றிப் படித்தபோது விடை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். பார்வைக்கு நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி. ஆனால் ஒரு முழு கேலக்ஸியையே தூக்கிச் சாப்பிடும் வெளிச்சம். அந்த வெளிச்சம் சில மாதங்களிலேயே ஏறி இறங்குகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி போய்ச் சேரும் நேரத்துக்குள் எந்தப் பொருளும் மொத்தமாகக் கூடிக் குறைய முடியாது என்பதால், அது அளவில் ரொம்பச் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். சின்ன வாய், பெரிய பீறல். மடைவாயேதான்! கருந்துளை குமிழி, அது விழுங்கியதை வெளியே துப்பும் வெண்துளை மடைவாய், நாம் பார்க்கும் குவாசார்தான் அந்த வெண்துளை. கடை நோட்டின் முன்பாதியில் எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்ற கணக்கு; பின்பாதியில் பிரபஞ்சம். இப்படி இரண்டு நோட்டு நிரம்பியது.

அக்கா மகன் அதை ஆங்கிலத்தில் தட்டிக்கொடுத்தான். கட்டுரை கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்த ஒரு பத்திரிகைக்கு 7,000 ரூபாய் கட்டி அனுப்பினேன். ஒரு கேள்விகூடக் கேட்காமல் நான்கே நாளில் போட்டுவிட்டார்கள். நான் வரைந்த கண்மாய்ப் படம் தலைகீழாக இருந்தது. யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவர்கள் அனுப்பிய சான்றிதழை லேமினேஷன் போட்டுக் கடையில் மாட்டினேன்.

அதனால் ஒரு நல்லதும் நடந்தது. ஒத்தக்கடையில் குடியிருக்கும் ஒரு சார், கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவர், எரிந்துபோன சப்மெர்சிபிள் மோட்டாரைக் கொண்டுவந்தார். சுவரைப் பார்த்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான் சார்."

சிரிக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்த முதல் அடி, நான் சொன்னது தப்பு என்பதல்ல, பழசு என்பது. குவாசார் வெண்துளையாக இருக்கலாம் என்று சோவியத் நாட்டு இகோர் நோவிகோவ் 1964இலேயே சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு இஸ்ரேலின் யுவால் நேமன் அதையேதான் சொன்னார். 1970களில் நம் ஜெயந்த் நார்லிகரும் வெண்துளைகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். பெரிய ஆட்கள் போன பாதையில்தான் போயிருக்கிறோம் என்று ஒரு பக்கம் பெருமை. அறுபது வருஷம் கழித்து 7,000 ரூபாய் கட்டி அதையே சொல்லியிருக்கிறோமே என்று இன்னொரு பக்கம் வெட்கம்.

"ஐன்ஸ்டைன் சமன்பாடு வெண்துளையைத் தடுக்கலை," என்றார் சார். "காலத்தைப் பின்னாடி ஓட்டினா கருந்துளை வெண்துளையாத்தான் தெரியும். ஆனா எது இடிஞ்சு விழுந்தா அது உருவாகும்னு கேட்டா பதில் இல்லை. 1974இல் எர்ட்லின்னு ஒருத்தர் கணக்குப் போட்டார். அப்படி ஒரு வாய் இருந்தாலும், சுத்தி இருக்கிற ஒளியும் பொருளும் அது மேலேயே குவிஞ்சு அதை மூடிடும். அதுவே கருந்துளையா மாறிடும்."

"அப்போ இவ்வளவு வெளிச்சம் எங்கேயிருந்து வருது சார்?"

"உங்க மாமா கல்லைத் தூக்கினதும் சுழி போடுதுல்ல, அது ஓட்டைக்கு உள்ளேயா, வெளியேயா?"

"வெளியே."

"வெளிச்சம் அங்கேயிருந்துதான்."

எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. நாற்பது வருஷமாக மடைவாயையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், சுழியைப் பார்க்கவே இல்லை! விழப்போகும் வாயு நேராக விழுவதில்லை. தட்டு போலச் சுற்றிச் சுற்றி உரசிச் சூடேறுகிறது. பேரிங் தேய்ந்த மோட்டாரைத் தொட்டுக் கை சுட்டவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எஃபிஷியன்சியைச் சொன்னதும் முழுதாகவே விழுந்துவிட்டேன். சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது அதன் நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகிறது. கருந்துளையைச் சுற்றி விழும் பொருளோ, உள்ளே போவதற்கு முன்பே சுமார் 6 சதவீதத்தைக் கொடுத்துவிடும். துளை படுவேகமாகச் சுழன்றால் 42 சதவீதம் வரைகூடப் போகலாம். குவாசார் மாதிரியான உலைகளின் நடுவே இப்படித் தின்னும் பெருங்கருந்துளைதான் இருக்கிறது என்று டொனால்ட் லிண்டன்-பெல் 1969இல் வாதாடினார்.

கிளம்பும்போது சார் கேட்டார்: "அது சரி, குவாசாரைப் பார்த்திருக்கீங்களா?"

பார்க்க முடியும் என்றே எனக்குத் தெரியாது. கன்னி ராசியில் இருக்கும் 3சி 273 என்ற குவாசாரின் பிரகாச எண் 12.9 (எண் கூடக் கூட மங்கல்). இருட்டான இடத்தில் எட்டு அங்குலத் தொலைநோக்கிக்கு எட்டும். மார்டன் ஷ்மிட் 1963இல் அதன் ஒளியை அலசி, ஹைட்ரஜன் கோடுகள் 16 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தபோதுதான் அது பக்கத்து நட்சத்திரமல்ல, வெகு தொலைவுப் பொருள் என்று உலகத்துக்குப் புரிந்தது. தூரம் கூடக் கூட இந்த நகர்வும் கூடும். இதன் தூரம் சுமார் 240 கோடி ஒளியாண்டு.

கோயம்புத்தூரில் ஒருவரிடம் எட்டு அங்குலத் தொலைநோக்கி இரண்டாம் கையாக 32,000 ரூபாய்க்குக் கிடைத்தது. (வீட்டில் சொன்ன விலை வேறு.) மெத்தையில் சுற்றி லோடு ஆட்டோவில் ஊருக்குக் கொண்டுபோனோம். மாட்டுத்தாவணிப் பக்கத்து வெளிச்சம் தென்மேற்கில் மங்கலாகத் தெரிந்ததே தவிர, கண்மாய்க் கரையில் நல்ல இருட்டு.

முதல் தடவை மாசி அமாவாசை. உச்சியில் இருந்தால் காற்றின் கலங்கல் குறைவு என்று படித்திருந்ததால், அது ஏறும்வரை இரவு இரண்டு மணிக்குக் காத்திருந்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். நம் ஊரில் 3சி 273 ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வந்துவிடும். என்னுடையது டாப்சோனியன் வகை, பீரங்கி மாதிரி சுழல்வது. குழாய் செங்குத்தாக நின்றுவிட்டால் பக்கவாட்டில் திருப்ப இயலாது; மொத்தத் தொலைநோக்கியும் நின்ற இடத்திலேயே சுற்றும். இந்தப் பகுதிக்கு ‘டாப்சன் ஓட்டை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கருந்துளையைத் தேடிப் போனவன் இந்த ஓட்டையில் விழுந்தேன். ‘மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். மச்சு இருந்ததோ இல்லையோ, கண்வில்லை முழுக்கப் பனி கோத்துக்கொண்டது. மூன்றரை மணிக்குச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பங்குனி அமாவாசைக்குத் திருந்தினேன். அது உச்சிக்கு வருமுன், பத்து மணிக்கே பார்ப்பது. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினேன். அரைமணி நேரம் செல்போனைத் தொடவில்லை. கண்ணுக்கு இருட்டு பழக அவ்வளவு நேரமாகும். அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கத்தின் வரைபடத்தை அச்செடுத்து வைத்திருந்தேன். அதில் தசமப்புள்ளி போடமாட்டார்கள், 12.7 என்றால் 127. புள்ளி வைத்தால் அதையும் நட்சத்திரம் என்று எண்ணிவிடுவோமாம். நியாயம்தான்.

கன்னியில் காமா, ஈட்டா என்ற இரண்டு நட்சத்திரங்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியும். இரண்டையும் அடியாக வைத்து வடக்கே ஒரு முக்கோணம் கற்பனை செய்தால், அதன் நுனியில் குவாசார். சொல்ல எளிது. தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழ். வரைபடத்தைத் திருப்பித் திருப்பி, ஒரு மங்கல் நட்சத்திரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி ஒரு மணி நேரம் போனது. கடைசியில் வரைபடத்தில் இருந்த அமைப்பு அப்படியே கண்வில்லைக்குள் வந்தது. ஒரு இடம் மட்டும் காலி. நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. பார்வையைக் கொஞ்சம் ஓரத்துக்கு நகர்த்தினேன். இருந்தது. ஊசி முனையைவிடச் சின்னதாக, சாம்பல் நிறத்தில், வரும், போகும். குழாயை விரலால் லேசாகத் தட்டினேன். மற்ற நட்சத்திரங்களோடு அதுவும் ஆடியது. கண்ணின் மயக்கமில்லை. நோட்டில் குறித்துக்கொண்டேன். மறுநாள் சாரிடம் காட்டியபோது, "இதேதான்" என்றார்.

அவர் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அங்கிருந்து நேர் வடக்கே, கையை நீட்டி முட்டி மடக்கிப் பிடித்தால் ஒரு கைமுட்டி தூரத்தில், எம்87 கேலக்ஸி. அது சுலபம், பஞ்சுத்துணுக்கு மாதிரி உடனே தெரிந்தது. 2019 ஏப்ரலில் முதன்முதலாகப் படம் வெளியான கருந்துளை அதன் நடுவில்தான் இருக்கிறது, 650 கோடி சூரியன்களின் எடை. அந்த நடுவிலிருந்தே நேர்கோடாக ஒரு பீறல் கிளம்புவதை ஹெபர் கர்ட்டிஸ் 1918இலேயே பார்த்துவிட்டார். என் தொலைநோக்கிக்கு அது எட்டாது. ஆனால் விழுங்கும் இடமும் பீறும் இடமும் ஒன்றே என்றால், இரண்டு பக்கம் உள்ள என் கண்மாய்க்கு அங்கே வேலையே இல்லை.

மாமாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. முங்குவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. தூக்கம் வராமல் கரைக்கு வந்திருந்தார். ஸ்டூலில் உட்காரவைத்து எம்87ஐக் காட்டினேன். அதுவாவது தெரியும் அவருக்கு.

"என்னடா இது, அழுக்கு மாதிரி?"

"அதுக்கு நடுவுல ஒரு ஓட்டை இருக்கு மாமா. எல்லாம் உள்ளே போகுது."

கண்ணை எடுக்காமலே கேட்டார்: "அங்கிட்டு வருதா?"

"வரலை மாமா. யாரும் பார்த்ததில்லை."

"அப்ப தூம்பு அடைச்சிருக்கும்," என்றார். "ஆளை விட்டு முங்கச் சொல்லு."