சாப்பிடலைன்னா இன்சுலினும் வேண்டாமா?

டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை. வெறும் வயிற்றில் ஊசி போட்டால் சுகர் இறங்கிவிடுமே என்று பயந்து அன்றைக்கு இன்சுலினை நிறுத்திவிடுகிறார்கள். டைப் 1 பிள்ளைகள் கீட்டோஅசிடோசிஸில், அதாவது கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்தில், போய் விழும் வழிகளில் இது ஒன்று. சாப்பாட்டு ஊசியின் அளவை டாக்டரைக் கேட்டுக் குறைக்கலாம். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை அடியோடு நிறுத்தவே கூடாது. காய்ச்சல் நாளில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தேவைப்படலாம். ஊசி தவறாமல் போட்டும் சுகர் ஏறினால் மருந்தையே சந்தேகப்படுங்கள்: வெயிலில் நின்ற வண்டிக்குள் கிடந்த குப்பியா?

இன்சுலின் இல்லாதபோது கல்லீரல் கொழுப்பைக் கீட்டோனாக மாற்றித் தள்ளுகிறது, ரத்தம் அமிலமாகிறது. அதை ஈடுகட்டத்தான் பிள்ளை ஆழமாக, வேகமாக மூச்சு வாங்குகிறது. நோய் இருப்பதே தெரியாத வீட்டில் இதைச் சளி என்றும், வயிற்றுவலியைக் குடல்வால் என்றும் நினைத்துவிடுவார்கள். வாந்தியில் வற்றிப்போன பிள்ளைக்குச் சிறுநீர் மட்டும் தாராளமாகப் போகிறதா? உடனே விரலில் குத்திச் சுகர் பாருங்கள். ரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 1.5 மி.மோலைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுங்கள். 3 என்றால், அல்லது வாந்தி நிற்காவிட்டால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அங்கே முதலில் சலைன்: கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. ஒரு மணி நேரம் கழித்தே இன்சுலின், அதுவும் கிலோவுக்கு மணிக்கு 0.05 முதல் 0.1 யூனிட் வரை, சொட்டாக. எடுத்த எடுப்பில் மொத்தமாக ஊசி போடக் கூடாது. இன்சுலின் ஏறியதும் பொட்டாசியம் செல்லுக்குள் ஓடி, ரத்தத்தில் சரியும். இதயத் துடிப்பே தடுமாறும். அதனால் சிறுநீர் பிரிவதைப் பார்த்துக்கொண்டு, சலைன் லிட்டருக்கு 40 மி.மோல் பொட்டாசியம் சேர்ப்பார்கள். பொட்டாசியம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

வீட்டில் நடந்த அதே தப்பு வார்டிலும் நடக்கும். சுகர் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், அமிலம் இறங்க அதைவிட நேரமாகும். சுகர் 250, 300 அளவுக்கு வந்ததும் இன்சுலினை நிறுத்தினால் கீட்டோன் மறுபடி ஏறும். நிறுத்தாமல், சலைனோடு டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரையைச் சேர்க்க வேண்டும்.

நடுவில் தலைவலி, மயக்கம், நாடி மெதுவாவது தெரிந்தால் மூளை வீங்குகிறது என்றே எடுத்துக்கொண்டு, ஸ்கேனுக்குக் காத்திராமல், வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்தைக் கொடுக்க வேண்டும்: கிலோவுக்கு 0.5 முதல் 1 கிராம். பிள்ளைகளின் உயிரை அதிகம் பறிப்பது இந்த வீக்கம்தான்.

அமிலம் தெளிந்து, பிள்ளை சாப்பிடத் தொடங்கியதும் தோலடி ஊசிக்கு மாறலாம். ஊசியைப் போட்ட பிறகும் சொட்டு கொஞ்ச நேரம் ஓட வேண்டும்.