போர்ட்ரெய்ட்டை வெட்டும் முன் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

போர்ட்ரெய்ட், அதாவது ஆளை மையமாக வைத்து எடுத்த படத்தைத் திறந்ததும் தோலின் நிறத்தில் கை வைக்க வேண்டாம். ஃப்ரேம் சரியானால்தான் எந்த வெளிச்சம் மிகை, எது குறை என்பதே தெரியும்.

முதல் வேலை சாய்வைச் சரிசெய்வது. திருப்பினால் மூலைகள் போய்விடும்: 6000 x 4000 பிக்சல் படத்தை 2 டிகிரி திருப்பினால் நீளம், அகலம் இரண்டிலும் சுமார் 5 சதவீதம் இழப்பு. கண்கள் இரண்டையும் கிடைமட்டமாக்க முயல்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. தலை சாய்ந்திருப்பது இயல்பு, அழகும்கூட. கதவு நிலையோ சுவரின் விளிம்போ நேராக இருந்தால் போதும்.

அடுத்து க்ராப், அதாவது ஓரங்களை வெட்டுவது. ஃபோட்டோஷாப்பில் 'டெலீட் க்ராப்டு பிக்சல்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். வெட்டிய பகுதி அழியாமல் இருக்கும். லைட்ரூம் மென்பொருளில் அந்தக் கவலையே இல்லை, அசல் படம் அப்படியே இருக்கும். லைட்ரூம் கிளாசிக்கில் 'ஆர்' அழுத்தினால் க்ராப், 'ஓ' அழுத்த அழுத்த வழிகாட்டிக் கோடுகள் மாறும். ஃப்ரேமைக் குறுக்கிலும் நெடுக்கிலும் மூன்று மூன்றாகப் பிரிக்கும் கட்டத்தை வைத்துக்கொண்டு, மேல் கோட்டில் கண்கள் வருமாறு நகர்த்துங்கள். முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணே கணக்கு. பார்வை போகும் பக்கம் அதிக இடம் விடுங்கள்.

நெருக்கமாக வெட்டும்போது உச்சந்தலை போகலாம், தாடை போகக் கூடாது. முடியை வெட்டுவதென்றால் துணிந்து வெட்டுங்கள். நூலளவு இடைவெளி விட்டாலோ, முடி விளிம்பை உரசி நின்றாலோ கண் அங்கேயே போய் நிற்கும். மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் ஆகிய மூட்டுகளில் ஃப்ரேம் முடிந்தால் உறுப்பே துண்டானதுபோல் தெரியும். மேல்கையின் நடுவிலோ தொடையின் நடுவிலோ முடியுங்கள்.

அளவையும் பாருங்கள். 8 x 10 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 2400 x 3000 வேண்டும். அதற்குக் கீழே போனால் அச்சில் நுணுக்கம் குறையும். கேமரா மிக அருகில் இருந்ததால் பெருத்த மூக்கு, எவ்வளவு வெட்டினாலும் சிறுக்காது. அது எடுத்த தூரத்தின் விளைவு.

தலைக்கு மேல் இடமே இல்லையென்றால் ஃபோட்டோஷாப்பில் கேன்வாஸை (படம் அமரும் பரப்பை) நீட்டி, காலி இடத்தோடு படத்தின் ஓரத்தையும் கொஞ்சம் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, கன்டென்ட்-அவேர் ஃபில் போடலாம்; படத்தின் மற்ற பகுதியை மாதிரியாக வைத்து அது காலி இடத்தை நிரப்பும். மாதிரி எடுக்கும் பகுதியிலிருந்து ஆளை முழுக்க நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றில் காது முளைக்கும், முடிக்கற்றை மிதக்கும். வெற்றுச் சுவரும் மங்கலான பின்னணியும் எளிதில் நிரம்பும். செங்கல், ஜன்னல் கம்பி போன்றவை பிசகும். வெளியீட்டைப் புது லேயரில் (தனி அடுக்கில்) வையுங்கள், தவறிய இடத்தை மாஸ்க்கில் மறைக்கலாம்; மாஸ்க்கில் கறுப்பு அந்த அடுக்கை மறைக்கும், வெள்ளை காட்டும்.

கடைசியாக ஓரங்கள். தோளருகே ஒரு வெள்ளைப் புள்ளி போதும், முகத்திடமிருந்து பார்வையைப் பிடுங்கிவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் லேயரில் இருட்டாக்கி, மாஸ்க்கைக் கறுப்பாக்கி, மென்மையான வெள்ளை பிரஷால் 20 சதவீத ஒபாசிட்டியில் (பிரஷின் அடர்த்தியில்) அந்த இடத்தில் மட்டும் சிறிது சிறிதாகத் தடவுங்கள். பிறகு படத்தை இடவலமாகப் புரட்டிப் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தப்பிய சாய்வும், ஒரு பக்கம் கனத்து நிற்பதும் உடனே தெரியும். பார்த்ததும் திருப்பி வைத்துவிடுங்கள். வகிடும் சட்டைப் பொத்தானும் பக்கம் மாறினால், படத்தில் இருப்பவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.