பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்புக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

என்னிடம் இருப்பது டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 டவர். ஆபீஸ்களில் கழித்துவிட்டதைச் சரிபார்த்து மறுபடி விற்பார்களே, அந்த வகை. நான்காம் தலைமுறை ஐ5-4590 பிராசஸர். ரேமைக் கூட்டி எஸ்எஸ்டி போட்டபின் அன்றாட வேலைக்கு ஒரு குறையும் இல்லை. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் போடும்போதுதான், அதாவது காட்சியை முழுப் படமாக்கும்போதுதான், திணறும். நான்கு கோரும் முழுமூச்சாக ஓடியும் ஒரு படம் முடிய நெடுநேரம் ஆகும். அதனால்தான் கார்டு தேட ஆரம்பித்தேன்.

எல்லோரும் வேகப் பட்டியலிலிருந்து தொடங்குவார்கள். பழைய கம்ப்யூட்டருக்கு அது சரிவராது. முதலில் கேபினட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டி) லேபிளைப் படிக்க வேண்டும். என்னுடையதில் 290 வாட் என்று இருந்தது. கார்டுக்குத் தனியாகப் போகும் 6 பின், 8 பின் வயர் எதுவும் இல்லை. கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். ஆக, அந்த 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் எனக்கு. எல்லோரும் பரிந்துரைத்த ஆர்எக்ஸ் 6600 இங்கேயே கழிந்தது. அதற்கு 132 வாட் வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், "சார், ஹார்டு டிஸ்குக்குப் போற சாட்டா வயர்ல இருந்து 8 பின் கன்வெர்ட்டர் போட்டுக்கலாம், நிறைய பேர் போடுறாங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தமே 54 வாட்தான். அதன் வழியாக நூறு வாட்டுக்கு மேல் இழுத்தால் கனெக்டர் சூடாகி உருகும். யார் சொன்னாலும் இதை மட்டும் செய்யாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றலாம் என்றால், டெல் இந்த மாடலில் மதர்போர்டுக்குப் போகும் வழக்கமான 24 பின்னுக்குப் பதில் தன் சொந்த 8 பின் இணைப்பை வைத்திருக்கிறது. அதற்கும் அடாப்டர் கிடைக்கும், ஆனால் செலவு கூடிக்கொண்டே போகும்.

அப்புறம் மிஞ்சியவை மூன்று. ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட், விலையும் குறைவு. ஆனால் அது நான்கு லேனில் (தரவு போகும் பாதை) மட்டும் ஓடும். அதன் முழு வேகம் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 ஸ்லாட்டில்தான், என் போர்டு 3.0 என்பதால் பாதை பாதியாகிவிடும். இதே தலைமுறையின் எச்81 சிப்செட் போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஸ்லாட்டே 2.0 என்பதால் கால்வாசிதான். வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்ய உதவும் என்கோடரும் அதில் கிடையாது; பாட வீடியோ பதிவு செய்கிற எனக்கு அது பெரிய குறை. ஜிடிஎக்ஸ் 1650 செகண்ட் ஹேண்டில் நன்றாகவே கிடைக்கிறது. ஆனால் 4 ஜிபி மெமரி பெரிய காட்சிகளுக்குப் போதாது, பிளெண்டரில் ரே டிரேசிங்குக்கு (ஒளி போகும் வழியைக் கணக்கிடுவது) உதவும் தனி கோர்களும் இல்லை.

கடைசியில் எடுத்தது ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 70 வாட், எட்டு லேன், தனி பவர் வயர் வேண்டாம். இங்கே ஒரு எச்சரிக்கை: இதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது. அது 130 வாட், தனி வயர் கேட்கும். வேகமானது அதுதான், ஆனால் என் பெட்டிக்கு ஆகாது. பில் போடுவதற்கு முன் டப்பாவில் 6 ஜிபி என்று இருக்கிறதா, கார்டின் மேல் விளிம்பில் பவர் சாக்கெட் இல்லாமல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். நீளத்தையும் விடக்கூடாது. ஹார்டு டிஸ்க் கூண்டு இடிக்கும் என்பதால் ஸ்கேல் வைத்து அளந்து, ஒற்றை ஃபேன் உள்ள குட்டை மாடலாக வாங்கினேன்.

என் மானிட்டர் பழைய விஜிஏ. இப்போதைய கார்டுகளில் அந்த அவுட்புட் கிடையாது. எச்டிஎம்ஐ-யை விஜிஏ ஆக்கும், உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் ஒன்றைச் சேர்த்து வாங்கவேண்டி வந்தது.

பிளெண்டர் செட்டிங்கில் ஆப்டிக்ஸ் (கார்டின் ரே டிரேசிங் கோர்களைப் பயன்படுத்தும் முறை) என்று மாற்றியதும், டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தும் முடியாமல் இருந்த ரெண்டர் கண்முன்னே முடிகிறது. அவ்வளவு சந்தோஷம்! புது கேம் விளையாடுவதற்காக இதே பெட்டியை மேம்படுத்துகிறவர்கள் இதைவிடப் பெரிய கார்டுக்குப் பணம் போடவேண்டாம் என்பது என் கருத்து. அங்கே நான்கு கோர் பிராசஸர் கார்டுக்கு ஈடுகொடுக்காது. அந்தப் பணம் புது போர்டுக்கும் பிராசஸருக்கும் போவதே மேல்.